புதுப்பிப்பு: காட்டுப் பாதையில் சைக்கிள் ஹேங்கர் உடைந்தால் என்ன செய்வது?

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டப் பாதையில் சைக்கிள் பாறையில் இடித்து ஹேங்கர் (டீரெய்லரை ஃபிரேமோடு பிடித்திருக்கும் சின்ன உலோகத் துண்டு) முறிந்து, பின் டீரெய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக் கியர் மாற்றும் கருவி) செயினில் தொங்கிக்கொண்டிருந்த கதையை எழுதி, வண்டியைத் தள்ளாமல் வீடு சேர வழி உண்டா என்று கேட்டிருந்தேன். பலரும் சொன்னது ஒன்றுதான்: டீரெய்லரைக் கழற்றிவிட்டு, செயினைச் சுருக்கி ஒரே கியரில் ஓட்டு. சரி, வீட்டு வாசலிலேயே பழைய செயினை வைத்துச் செய்து பார்த்தாயிற்று.

வேலை செய்கிறது. ஆனால் செயினைப் பின்பக்கத்தில் எந்தப் பல்சக்கரத்தில் போடுகிறோம் என்பதில்தான் சூட்சுமமே. பெடல் பக்கத்துச் சக்கரத்துக்கு நேராக, நடுவில் இருப்பதில் போடுங்கள். கொஞ்சம் கோணினாலும் கேசெட்டில் (பின் சக்கரத்துப் பல்சக்கர அடுக்கில்) கியர் மாறுவதற்காகவே வெட்டியிருக்கும் சரிவுகள் செயினைத் தானாகப் பக்கத்துப் பெரிய பல்சக்கரத்துக்கு ஏற்றிவிடும், அப்புறம் அது வில் நாண் மாதிரி விறைத்து மிதிக்கவே விடாது. செயினை வெட்டும்போது இரண்டு முனையிலும் ஒடுக்கமான உள் கண்ணி வருகிற மாதிரி கண்ணிகளைக் கோத்திருக்கும் பின்னைத் தள்ள வேண்டும், இல்லையென்றால் குயிக் லிங்க் (இரு முனையையும் இணைக்கும் தனிக் கண்ணி) மாட்டாது. 11 ஸ்பீடு செயினுக்கு 11 ஸ்பீடு லிங்க்தான்.

பின் சஸ்பென்ஷன் உள்ள வண்டிக்கு இது அவ்வளவாகச் சரிவராது, ஷாக் அமுங்கும்போது செயின் இழுபடும். ஷாக்கைப் பூட்டும் வசதி இருந்தால் பூட்டிவிட்டு மெதுவாக உருட்டுங்கள். என்னுடையது ஹார்ட்டெயில் (பின் சஸ்பென்ஷன் இல்லாத வண்டி), தப்பித்தேன்.

மாற்று ஹேங்கர் ஒன்றும் சீட்டுக்கு அடியில் டேப் போட்டு ஒட்டியாகிவிட்டது. ஃபிரேமுக்கு ஃபிரேம் வடிவம் மாறும், வாங்கப் போனால் உடைந்ததைக் கையோடு கொண்டு போங்கள்.