முடி நடுவது முதலிலா, நெற்றி அறுவை சிகிச்சை முதலிலா?

மழைக்கால மைனா:
எல்லோருக்கும் வணக்கம். நான் திருநங்கை, ஹார்மோன் எடுக்கத் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. முடி கொட்டுவது நின்றுவிட்டது, ஆனால் ஏற்கெனவே ஏறிப்போன இடம் ஏறினதுதான். நடுவில் பரவாயில்லை, இரண்டு நெற்றிப்பொட்டிலும் நன்றாக உள்வாங்கிவிட்டது. புருவ எலும்பைக் குறைத்து, முன்முடியைக் கொஞ்சம் கீழே இறக்கும் முக அறுவை சிகிச்சை செய்துகொள்ளப் போகிறேன், அதற்கு இன்னும் ஒரு வருடமாவது ஆகும். அதுவரை சும்மா இருக்க மனசு கேட்கவில்லை. முடி நடும் கிளினிக் ஒன்றில் கேட்டால், "இப்போதே நட்டுவிடலாம், அறுவைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை" என்கிறார்கள். 3,000 கிராஃப்ட் (பிடரியிலிருந்து வேரோடு எடுத்து நடும் முடி) வரை வைக்கலாம் என்று மார்க்கரால் நெற்றியில் வளைவாகக் கோடு போட்டுக் காட்டினார்கள். கண்ணாடியில் பார்த்தபோது ஆசையாகத்தான் இருந்தது, அதை மறைக்க என்ன இருக்கிறது. இரண்டையும் செய்துகொண்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், எதை முதலில் செய்தீர்கள்?

வெள்ளிக்கொலுசு:
சம்பந்தமே இல்லை என்று சொன்னவர்கள் நெற்றி அறுவை எப்படி நடக்கும் என்று பார்த்ததில்லை போலிருக்கிறது. முன்முடியை இறக்கப் போகிறீர்கள் என்றால் பெரும்பாலும் வெட்டு முடி தொடங்கும் ஓரத்திலேயே விழும். அந்த வழியாகத்தான் புருவ எலும்பையும் சரிசெய்வார்கள். பிறகு உச்சந்தலைத் தோலைத் தளர்த்தி முன்னால் இழுத்து, முன்னால் மிஞ்சுகிற நெற்றித் தோலை ஒரு பட்டையாக வெட்டி எடுத்துவிடுவார்கள். கிளினிக்காரர் மார்க்கர் கோடு போட்ட இடம் எது? அந்தப் பட்டைதான். இப்போது அங்கே நட்டால், வளர்ந்த முடியோடு சேர்த்து அந்தத் தோல் குப்பைக்குப் போகலாம், இல்லையென்றால் அந்த முடியைக் காப்பாற்றுவதற்காகவே மருத்துவர் வெட்டை எங்கே போடுவது என்று திண்டாட வேண்டியிருக்கும்.

பிடரியில் இருக்கும் முடி வற்றாத ஊற்று இல்லை. ஆயுள் முழுவதற்கும் சேர்த்து பலருக்கு 4,000 முதல் 6,000 கிராஃப்ட் வரைதான் எடுக்க முடியும், முடி மெல்லியதாக இருந்தால் அதைவிடக் குறைவு. அதில் 3,000-ஐ வெட்டப்போகும் தோலில் கொண்டுபோய் வைப்பது வீண்.

இன்னொன்று, பிடரியில் தோலைப் பட்டையாக வெட்டி எடுக்கும் முறையில் முடி நட்டால் தலைத்தோல் இறுகிவிடும். முன்முடி 1 முதல் 2 சென்டிமீட்டர் இறங்குவதே தோல் எவ்வளவு நெகிழ்ந்து கொடுக்கிறது என்பதைப் பொறுத்ததுதான். என் மருத்துவர் முதல் சந்திப்பில் இரண்டு கட்டைவிரலையும் என் உச்சந்தலையில் வைத்து முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தார், அதைப் பார்த்துத்தான் எனக்கு எவ்வளவு இறக்கலாம் என்று சொன்னார்.

நான் அறுவை முதலில், முடி பிறகு. இரண்டுக்கும் நடுவில் குறைந்தது 6 மாதம், முடிந்தால் ஒரு வருடம் விடச் சொல்வார்கள். தழும்பு சிவப்பு வடிந்து இளக வேண்டும், ரத்த ஓட்டம் திரும்ப வேண்டும். அதைவிட முக்கியம், அறுவையின் அதிர்ச்சியில் வெட்டைச் சுற்றியிருக்கும் முடி கொஞ்சம் கொட்டும், மூன்று நான்கு மாதத்தில் அதுவே முளைக்கத் தொடங்கும். அது திரும்பி வந்த பிறகு பார்த்தால்தான் எங்கே உண்மையிலேயே முடி இல்லை என்று தெரியும். நெற்றிப்பொட்டு மூலைகளைத் தோலை இழுத்தெல்லாம் மூட முடியாது, அங்கே எப்படியும் நட்டுத்தான் ஆக வேண்டும், அதே நேரத்தில் தழும்பின் மேலும் கொஞ்சம் நட்டு மறைக்கலாம். தழும்புக்குள் வைக்கிற கிராஃப்ட் எல்லாமே பிடிக்காது, அதனால் முதலில் அடர்த்தி குறைவாக வைத்து, தேவைப்பட்டால் பிறகு ஒருமுறை சேர்ப்பார்கள்.

சாம்பல்பூனை:
வெள்ளிக்கொலுசு அக்கா சொல்வது சரி, ஆனால் எல்லோருக்கும் பொருந்தாது. நான் முடியைத்தான் முதலில் நட்டேன், நன்றாகவே வந்தது. காரணம், எனக்கு நடு நெற்றி உயரம் சரியாக இருந்தது, மூலைகள் மட்டும்தான் பிரச்சினை. முன்முடியை இறக்க வேண்டிய தேவையே இல்லாததால் மருத்துவர் காதுக்குக் காது, உச்சந்தலை முடிக்குள்ளேயே வெட்டுப் போடுவதாகச் சொல்லிவிட்டார். வெட்டு பின்னால் விழுவதால் முன்னால் நட்ட முடிக்கு ஆபத்து இல்லை. ஆனால் முடி நடுவதற்கு முன்பே அறுவை மருத்துவரிடம் போய் வெட்டு எங்கே வரும் என்று படம் வரைந்து வாங்கி, அதை முடி நடுபவரிடம் காட்டினேன். இதுதான் விஷயமே. முதலில் எது என்பதை நாமோ கிளினிக்கோ முடிவு செய்ய முடியாது, வெட்டு எங்கே விழுகிறதோ அதுதான் முடிவு செய்யும்.

கவனிக்க: இந்த வெட்டில் புருவத்தைத் தூக்கும்போது முன்முடியும் கொஞ்சம் மேலே போகும். அதைக் கணக்கில் வைத்துத்தான் எனக்குக் கோடு போட்டார்கள். நட்டு ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துத்தான் அறுவை. நட்ட முடி முதல் சில வாரங்களில் கொட்டிவிடும், தலையணையில் குட்டிக் குட்டி முடியாகக் கிடக்கும், பயப்படாதீர்கள், வேர் உள்ளே இருக்கும். மூன்று நான்கு மாதத்தில் முளைத்து, முழு அடர்த்தி தெரிய ஒரு வருடம் ஆகும். அறுவைக்குப் பிறகு வெட்டுக்குப் பின்னால் பல மாதம் மரத்துப்போயிருந்தது, தலை வாரினால் சீப்பு படுகிற சத்தம் கேட்கும், படுவது தெரியாது.

மழைக்கால மைனா:
நன்றி அக்கா, நன்றி பூனை. இப்போதுதான் ஓரளவு புரிகிறது. இரண்டையும் ஒரே நாளில் செய்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன், உண்மையா? அப்புறம் ஒரு சின்னக் கேள்வி, முடி நடத் தலையை மொட்டை அடிப்பார்களா? கழுத்து வரை வளர்த்து வைத்திருக்கிறேன், அதை எடுக்கச் சொன்னால் அழுதுவிடுவேன்.

நிதானம்:
உண்மைதான். நெற்றி எலும்பு அறுவையை அமெரிக்க அறுவை மருத்துவர் டக்ளஸ் ஔஸ்டர்ஹௌட் 1987-லேயே ஆய்விதழில் எழுதிவிட்டார், நெற்றி அறுவையோடு சேர்த்தே முடி நடுவதைப் பற்றி ஸ்பெயின் நாட்டுக் குழு ஒன்று 2017-ல் எழுதியது. முடிக்குள் வெட்டும்போது ஒரு பட்டைத் தலைத்தோல் எப்படியும் வெளியே வரும், அதைத் தூக்கிப் போடாமல் வேர் வேராகப் பிரித்து அதே மயக்கத்திலேயே மூலைகளில் நட்டுவிடுவார்கள். ஒரே மயக்கம், ஒரே ஓய்வு, கிராஃப்டும் வீணாகாது. ஆனால் அறுவை நேரம் நீளும், வேரைப் பிரிக்கத் தனி ஆட்கள் வேண்டும், அந்தப் பட்டையில் கிடைக்கிற முடிதான் கணக்கு. இரண்டிலும் பழகிய குழு இல்லையென்றால் இதைத் தேடிப் போக வேண்டாம் என்பேன். உங்களுக்கு நடுவிலும் முடியை இறக்க வேண்டுமென்றால் இந்த வழி பொருந்தாமலும் போகலாம்.

உச்சியில் முடி அடர்த்தி எப்படி? அங்கே மெலிந்திருந்தால் உச்சந்தலை வெட்டின் தழும்பு வெளியே தெரியும், அப்போது முன் ஓர வெட்டே மேல். தலை முழுக்க, பிடரி உட்பட, சீராக மெலிந்திருந்தால் நடுவதற்கே யோசிக்க வேண்டும், எடுக்கிற இடமே பலமில்லை என்றால் நட்ட முடியும் நிற்காது.

ஹார்மோன் தொடங்கிய முதல் வருடத்தில் கொஞ்சம் முடி தானாகத் திரும்புவது உண்டு, நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். முடி வளர்வதற்கான மருந்தான மினாக்ஸிடில் போடவில்லை என்றால் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள், காத்திருக்கிற இந்த வருடத்துக்கு அது ஒரு வேலை. ஏற்கெனவே வழவழப்பாகிவிட்ட இடத்தில் அதனால் பெரிதாக ஒன்றும் நடக்காது, மெலிந்த முடியைத் தடிமனாக்கும், அவ்வளவுதான்.

மொட்டை பற்றி: ஒவ்வொரு வேராகக் குத்தி எடுக்கும் எஃப்.யு.இ முறையில் பிடரியை ஒட்ட வெட்டுவார்கள். ஆனால் அடியில் மட்டும் ஒரு பட்டை அளவுக்கு வெட்டி, மேல்முடியை அதன்மேல் விட்டு மறைக்கலாம், மழிக்காமலேயே எடுப்பவர்களும் உண்டு, நேரம்தான் அதிகம். கழுத்து வரை முடி இருந்தால் யாருக்கும் தெரியாது. அழ வேண்டாம்.

வெள்ளிக்கொலுசு:
மைனா, மருத்துவரைப் பார்க்கப் போகும்போது முடியை நனைத்துப் பின்னால் வாரி எடுத்த படங்களைக் கொண்டுபோங்கள், முன்பக்கம், இரண்டு பக்கவாட்டு, உச்சி. வெட்டு எங்கே, எனக்கு எத்தனை மில்லிமீட்டர் இறங்கும், மூலைகள் எவ்வளவு மிஞ்சும், இந்த மூன்றையும் கேளுங்கள். முன் ஓரத்தில்தான் வெட்டு என்றால், தோலைச் சாய்வாக வெட்டித் தழும்பின் ஊடாகவே முடி முளைக்கும்படி தைப்பார்களா என்றும் கேளுங்கள். அந்தத் தையல் நன்றாக அமைந்தால் தழும்புக்கென்று தனியாகக் கிராஃப்ட் செலவழிக்க வேண்டியதில்லை. கிளினிக்கில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்களா?

மழைக்கால மைனா:
இல்லை அக்கா, நாளைக்குள் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். கட்டப்போவதில்லை. அறுவை மருத்துவரிடம் நேரம் கேட்டு எழுதியிருக்கிறேன், வெட்டு எங்கே என்று அவர் சொன்னதும் இங்கேயே வந்து போடுகிறேன்.