ஏட்டையாவின் நோட்டில் நம் எல்லோர் பெயரும் இருக்கிறது

அன்புள்ள சொந்தங்களுக்கு,

போன வியாழன் விடியற்காலை நம் ஏட்டையா காலமான செய்தி இதற்குள் எல்லோருக்கும் வந்திருக்கும். இங்கே சார்ஜாவில் நான் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அவருடைய நடு மகள் கூப்பிட்டு, "அண்ணே, அப்பா போயிருச்சு" என்றது. 74 வயது. ராத்திரி இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், காலையில் எழுந்திருக்கவில்லை. என்னால் போக முடியவில்லை. உங்களில் முக்கால்வாசிப் பேருக்கும் அதே நிலைதான் என்பதால், அவரைப் பற்றித் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். விட்டுப்போனதை நீங்கள் எழுதுங்கள்.

1973இல், சிவகங்கையும் விருதுநகரும் பிரியாத பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் கிரேடு டூ கான்ஸ்டபிளாகச் சேர்ந்தவர். 2009இல் எஸ்.எஸ்.ஐ.யாக, அதாவது சிறப்பு சப்-இன்ஸ்பெக்டராக, ஓய்வு பெற்றார். தோளில் ஸ்டார் ஏறிய பிறகும் ஊருக்கு அவர் ஏட்டையாதான். வேறு மாதிரி யாராவது கூப்பிட்டால் அவருக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றாது.

நம் வயதுக்காரர்களுக்கு அவரை நினைத்தால் முதலில் அந்தத் திண்ணைதான் ஞாபகம் வரும். அவர் மனைவி, நம் அத்தை, சத்துணவு அமைப்பாளர். 1982இல் திட்டம் ஆரம்பித்தபோதே வேலைக்குச் சேர்ந்தவர், அரிசி பருப்பு அளந்து போட ஏழரை மணிக்கே பள்ளிக்கூடத்தில் இருந்தாக வேண்டும். ஏட்டையா ராத்திரி பாரா முடிந்து, தேவகோட்டையிலிருந்து வரும் முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, காக்கிக் கால்சட்டையும் கைவைத்த பனியனுமாகத் திண்ணையில் உட்கார்வார். கீழ்ப்படியில் மூன்று மகள்களும் வரிசையாக. தேங்காய் எண்ணெய்க் கிண்ணம் ஒரு பக்கம், சிவப்பு ரிப்பன் சுருள் ஒரு பக்கம். வகிடு நேராக வருகிறதா என்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, இரட்டைச் சடை போட்டு மடித்துக் கட்டி விடுவார். ராத்திரி முழுக்கத் தூங்காத மனுஷன். தெருவில் போகிறவர்கள் கேலி பேசினால், "பெல்ட் பக்கிளுக்கு பிராஸோ போடுற கை, பிள்ளைக்கு ரிப்பன் கட்டாதா?" என்பார். அந்தக் காலத்தில் நம் ஊரில் எந்த ஆம்பளையும் மகளுக்குத் தலை வாரி நான் பார்த்ததில்லை.

இப்போது அந்த நோட்டைப் பற்றி. வெளிநாடு போன ஒவ்வொருவரும் அதில் இருக்கிறோம், ஆனால் அது எப்படி ஆரம்பித்தது என்று பலருக்கும் தெரியாது. ஒரு முறை லீவில் போயிருந்தபோது அவரே சொன்னார்.

1990 ஜூனில் இலங்கையில் மறுபடி சண்டை மூண்டபோது, கள்ளத்தோணியிலும் மீன்பிடிப் படகிலும் ஆயிரக்கணக்கில் சனங்கள் தனுஷ்கோடிப் பக்கம் வந்து இறங்கினார்கள். ஏட்டையாவுக்கு மண்டபம் முகாமில் டூட்டி. ஒரு காலத்தில் நம் பக்கத்து ஆட்களைத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்ப வெள்ளைக்காரன் வைத்திருந்த அதே முகாம்தான். வந்தவர்களில் பாதிப் பேர் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. ஒரே குடும்பம் இரண்டு படகில் ஏறியிருக்கும், ஒன்று வந்திருக்கும், இன்னொன்று எங்கே என்று தெரியாது. ஒரு கிழவி தினமும் வந்து, "தம்பி, நெடுந்தீவில இருந்து என்ர மகன் வந்தவரோ?" என்று கேட்குமாம். பதிவு எல்லாம் அதிகாரிகள் பார்த்தார்கள். இவர் அதற்கு மேல் தன் பாக்கெட் நோட்டில் பெயர், தகப்பன் பெயர், ஊர், எந்தத் தேதிப் படகு என்று எழுத ஆரம்பித்தார், கேட்கிறவர்களுக்குத் தேடிச் சொல்ல. அந்தக் கிழவியின் மகன் பெயர் கடைசிவரை வரவில்லை என்று சொன்னபோது அவர் குரல் மாறிவிட்டது.

அதே வருஷம் ஆகஸ்ட் 2ஆம் தேதி ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. நம் ஊர்ப் பையன்கள் நாலு பேர் அப்போது குவைத்தில். ஊரே ராத்திரி பிபிசி தமிழோசைக்கு ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. அரசாங்கத்தில் விவரம் கேட்டால் கொடுக்க எந்த வீட்டிலும் எதுவும் இல்லை. பாஸ்போர்ட் நம்பர் தெரியாது, கம்பெனி பெயர் தெரியாது, ஒரு வீட்டில் பையன் இருக்கிற நாடே துபாய் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஏட்டையா லீவு போட்டு வந்து, வீடு வீடாகச் சைக்கிளில் போய், டிரங்குப் பெட்டிக்குள் கிடந்த பழைய கடித உறைகளை எல்லாம் எடுத்து, பின்பக்கம் இருந்த தபால் பெட்டி எண்ணைக் குறித்து, பட்டியல் போட்டுக் கலெக்டர் ஆபீஸில் கொடுத்தார். நாலு பேரும் பாலைவனம் கடந்து ஜோர்டான் போய், அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானத்தில் ஏறி வந்து சேர்ந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அப்படித்தான் வந்தார்கள். அவர்கள் வந்த மறுநாள் தேவகோட்டையில் இரண்டு குயர் நோட்டு ஒன்று வாங்கி, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டார் ஏட்டையா.

பெயர், தகப்பனார், பாஸ்போர்ட் எண், நாடு, கம்பெனி, ஏஜென்ட், ஊரில் யாருக்குச் சொல்ல வேண்டும். கடைசிக் கட்டம், முடித்து வந்த தேதி. அதை மட்டும் சிவப்பு மையில் எழுதுவார். ராத்திரி ரோந்துக்காரர் பட்டா புத்தகம் என்கிற ரோந்து நோட்டில் கையெழுத்துப் போடுகிற மாதிரி, போகிறவனும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். விபூதி பூசிவிட்டு, "போயிட்டு வா அப்பு" என்பார்.

அந்த ஏஜென்ட் கட்டத்தால் எனக்கும் அவருக்கும் பெரிய மனஸ்தாபம் வந்தது. 1998இல் மலேசியா போக ஒரு ஏஜென்டிடம் பணம் கட்ட இருந்தேன். அம்மாவின் சங்கிலியை வைத்து வாங்கிய அறுபதாயிரம். ஏட்டையா கேட்டது ஒரே கேள்வி: "ரிஜிஸ்டர் நம்பர் என்ன அப்பு?" 1983ஆம் வருஷக் குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டுக்கு ஆள் எடுப்பவர் அரசாங்கத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், அதிகம் படிக்காதவன் பாஸ்போர்ட்டில் அனுமதி முத்திரை இல்லாமல் வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போக முடியாது, டூரிஸ்ட் விசாவில் அனுப்பினால் அங்கே இறங்கியதும் நீ கள்ளக் குடியேறி என்று பொறுமையாகத்தான் சொன்னார். எனக்கு ஏறவில்லை. நேரே அந்த ஏஜென்டிடமே போய் நம்பரைக் கேட்டார், அவன் என் பெயரையே அடித்துவிட்டான். பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டார் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன், ஆறு மாதம் அவர் முகத்தில் முழிக்கவில்லை. அந்த முறை போன இரண்டு பேரும் ஒரு வருஷத்துக்குள் அங்கே பிடிபட்டு, ஜெயிலில் இருந்து, வெறுங்கையோடு வந்தார்கள். அப்புறம்தான் போய் நின்றேன். ஒன்றுமே கேட்கவில்லை. "சாப்பிட்டியா?" என்றார். 1999இல் பதிவு பெற்ற ஏஜென்ட் மூலமாக இங்கே வந்தேன். நோட்டில் என் வரிக்குக் கீழே அந்த நம்பரை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறார்.

2003இல் சவூதியில் தம்மாமில் சாரம் சரிந்து நம் பையன் ஒருவன் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். உடம்பு வந்து சேர நாற்பது நாள் ஆயிற்று. தூதரகத்துக்குக் குடும்பத்தின் சம்மதக் கடிதம், பாஸ்போர்ட் நகல், கலெக்டருக்கு மனு எல்லாமே அந்த நோட்டை வைத்துத்தான் நடந்தது. சென்னை ஏர்போர்ட்டில் பெட்டியைக் கையெழுத்துப் போட்டு வாங்கியதும் ஏட்டையாதான். வேனில் ஊர்வரை பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தார். அடக்கம் முடிந்து, குளித்து, நோட்டை எடுத்து அவனுக்கும் முடித்து வந்த தேதியைச் சிவப்பு மையில் எழுதினார். நான் லீவில் இருந்தேன், அதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். சம்பந்தப்பட்ட அண்ணனிடம் போனில் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். 86இல் கோயில் திருவிழாத் தகராறில் அந்த அண்ணனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய் ஏட்டையா லத்தியால் அடித்தார். ஆள் மாறிப்போன கேஸ். அவருடைய இடது கையில் இரண்டு விரல் இன்னும் சரியாக மடங்காது. அது தவறு, யார் செய்தாலும் தவறு, அதை மறைத்துவிட்டு நல்லதை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை. ஓய்வு பெற்ற மறுநாள், வேட்டி சட்டையில், அந்த அண்ணன் வீட்டு வாசலுக்குப் போய் நின்றார். "யூனிபார்மோட வந்தா பயந்துக்கிட்டு மன்னிச்சேன்னு சொல்லிருவ, அதான் கழட்டிட்டு வந்தேன்" என்றாராம். அண்ணன் அன்றைக்கு மன்னிக்கவில்லை, வீட்டில் இருந்தவர்களிடம் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டார். பிறகும் ஒவ்வொரு பொங்கலுக்கும் போயிருக்கிறார். ஐந்தாவது பொங்கலுக்குத்தான் உள்ளே உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்கள். போன சனிக்கிழமை கோலாலம்பூரிலிருந்து என்னிடம் பேசியபோது அந்த அண்ணன் அழுதார்.

2011இல் இளைய மகள் அவரை சிங்கப்பூருக்குக் கூட்டிப்போனது. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா என்கிற தேக்காவில் நம் பையன்கள் கூடுகிற இடத்துக்கு நோட்டோடு போய்ப் புல்தரையில் உட்கார்ந்து, ஒவ்வொருவனிடமும் கம்பெனி மாறினானா, பாஸ்போர்ட் கையில் இருக்கிறதா, முதலாளியிடம் இருக்கிறதா என்று விசாரித்தார். சிங்கப்பூரில் வேறு என்ன பார்த்தார் என்று கேட்டால், மகளுக்கே சொல்லத் தெரியவில்லை.

2016இல் அத்தைக்குப் பக்கவாதம் வந்தது. மகள்கள் மூன்று பேரும் மாறி மாறிக் கூப்பிட்டும் அவர் ஊரை விட்டுப் போகவில்லை. ஆறு வருஷம் குளிப்பாட்டி, ஊட்டி, மருந்து கொடுத்தார். காலையில் அதே திண்ணையில் அத்தையை நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, அதே கிண்ணத்தில் எண்ணெய் தொட்டுத் தலை வாரிவிடுவார். நரைத்த முடியிலும் வகிடு நேராக இருக்கும்.

வெள்ளிக்கிழமை அடக்கத்துக்கு ஸ்டேஷனிலிருந்து வந்து மாலை போட்டு சல்யூட் அடித்தார்கள். பதினாறாம் நாள் காரியம் ஊரில் வீட்டிலேயே நடக்கிறது. அன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட மகள்கள் விரும்புகிறார்கள், பங்கெடுக்க நினைப்பவர்கள் அவர்களிடமே பேசிக்கொள்ளுங்கள். நோட்டை நடு மகள் தொடர்ந்து எழுதப்போகிறது. நம்பர், கம்பெனி மாறியவர்கள் அதனிடம் சொல்லிவிடுங்கள்.

நேற்று அது ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியது. 2011ஆம் வருஷப் பக்கம். அதில் ஏட்டையா தன் பெயரையும் எழுதியிருக்கிறார். நாடு சிங்கப்பூர். கம்பெனி என்ற கட்டத்தில் "மகள் வீடு". கையெழுத்தும் போட்டு, திரும்பி வந்த தேதியைச் சிவப்பு மையில் முடித்திருக்கிறார்.

என் பக்கத்தையும் அனுப்பச் சொன்னேன். கடைசிக் கட்டம் காலியாக இருக்கிறது. வருகிற மார்ச்சில் விசாவைக் கேன்சல் பண்ணிவிட்டு ஊருக்கு வருகிறேன்.