எலிட்ராவுக்குத் தமிழ்ச்சொல்: ஏன் ‘மூடுசிறகு’?

நண்பர்களுக்கு வணக்கம்.

வண்டுக் குடும்பங்களை அடையாளம் காணும் கையேட்டுக்காக எலிட்ராவுக்கு, அதாவது வண்டின் பறக்கும் பின்சிறகுகளுக்கு மேலே மூடிக் கிடக்கும் முன்சிறகுகளுக்கு, ஒரு சொல் கேட்டிருந்தேன். ஒரே வாரத்தில் ஐந்து சொற்கள் வந்துவிட்டன: காப்பிறகு, வன்சிறகு, கதவுச்சிறகு, உறைச்சிறகு, மூடுசிறகு. அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. “எலிட்ரா என்றே எழுதிவிடுங்களேன்” என்று மூத்தவர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் பேச்சைத் தட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம் ஐயா, அதைத்தான் முதலில் செய்து பார்த்தேன். பள்ளிப் பிள்ளைகளைப் பூச்சி பார்க்கக் கூட்டிப்போன நடையில் எலிட்ரா என்று சொன்னேன். நோட்டில் எழுதிக்கொண்டார்கள், வண்டைப் பார்க்கவில்லை. இன்னொன்று, எலிட்ரா என்பதே பன்மை. ஒற்றைக்கு எலிட்ரான். நாம் ‘எலிட்ராக்கள்’ என்று பன்மைக்கு மேல் பன்மை போட்டு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பெயரிடப்பட்ட வண்டினங்கள் மட்டும் சுமார் 4 லட்சம். இவ்வளவையும் குடும்பம் குடும்பமாகப் பிரிக்கும்போது திரும்பத் திரும்பக் கை போகும் இடம் இந்த முன்சிறகுதான். நீளமா குட்டையா, கெட்டியா மெத்தென்றா, வரி ஓடுகிறதா வழவழப்பா, இரண்டும் தனித்தனியா ஒட்டிப்போனதா. அதனால் நாம் வைக்கும் சொல் எல்லாக் குடும்பத்துக்கும் பொருந்தவேண்டும். வந்த சொற்களை ஒவ்வொன்றாக வண்டுகளின் மேலேயே வைத்துப் பார்த்தேன்.

காப்பிறகை முதலிலேயே எடுத்துவிட்டேன். இறகு என்றால் மயில் போடுவது, கோழி உதிர்ப்பது. பூச்சிக்கு இறகு கிடையாது. இறக்கை என்று சொல்லலாம், பேச்சில் அதுதான் வருகிறது. இலங்கை நண்பர்கள் செட்டை என்பார்கள். ஆனால் கூட்டுச்சொல் கட்டும்போது சிறகு என்பதுதான் இரண்டு கரையிலும் தடையில்லாமல் நிற்கிறது.

வன்சிறகு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சின்னச் சொல், எடுப்பாக இருக்கிறது. மின்மினியில் தோற்றுவிட்டது. மின்மினியின் முன்சிறகு கெட்டியே இல்லை, விரல் பட்டால் வளையும். துவரை பூக்கும்போது பூவில் உட்கார்ந்து தின்னும் கருப்பும் ஆரஞ்சுப் பட்டையுமான கொப்புள வண்டுக்கும் அப்படித்தான். உடம்பும் சிறகும் மெத்தென்று இருப்பது அந்தக் குடும்பத்தை அறியும் குறிகளில் ஒன்று. கழுத்துபோலச் சுருங்கிய இடமும் அதன்மேல் அகலமான தலையும் மற்ற குறிகள். (இதைக் கையில் பிடிக்காதீர்கள். அதன் கசிவில் உள்ள கேந்தரிடின் தோலில் கொப்புளம் எழுப்பும்.) ‘கொப்புள வண்டின் வன்சிறகு மென்மையானது’ என்று கையேட்டில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

கதவுச்சிறகு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், அது ஒரு குழந்தை தந்த சொல். நடையில் ஒரு வண்டு பறக்கத் தயாரானபோது, “கதவைத் திறக்குது!” என்று கத்தினாள். அதைத்தான் நம் குழுவில் ஒருவர் எடுத்துச் சொல்லாக்கினார். முதுகின் நடுவே நேர்கோடாக ஒரு பொருத்து, இருபுறமும் விரியும் இரண்டு பலகை, உள்ளிருந்து வெளிவரும் மெல்லிய சிறகு. இதைவிடச் சரியாக யாரும் பார்த்திருக்க முடியாது. ஆனால் பூவில் மகரந்தம் தின்ன வரும் பூவண்டுகள் இருக்கின்றனவே, சாணவண்டும் காண்டாமிருக வண்டும் சேர்ந்த அதே பெருங்குடும்பத்தின் உட்பிரிவு, அவற்றில் பெரும்பாலானவை கதவைத் திறப்பதே இல்லை. முன்சிறகின் பக்கவாட்டு விளிம்பில் ஒரு வளைந்த வெட்டு இருக்கும். மேலே மூடியது மூடியபடி இருக்க, அந்த வெட்டு வழியாகப் பின்சிறகை நீட்டிப் பறந்துவிடும். அந்த வெட்டே அவற்றை அறியும் குறி. திறக்காத கதவு என்று எழுதினால் பிள்ளை குழம்பும். இருந்தாலும் அந்தக் குழந்தையின் பார்வையை விட மனமில்லை. நடுக்கோட்டுக்கு ‘பொருத்து’ என்று பெயர் வைத்திருக்கிறேன், அது அவள் சொன்ன கதவிலிருந்து வந்ததுதான்.

மிச்சம் இரண்டு. இங்கேதான் எனக்கும் உறைச்சிறகுக்காரர்களுக்கும் வாதம்.

அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. வண்டுக் குடும்பங்கள் எல்லாம் அடங்கிய வரிசையின் அறிவியல் பெயரான கோலியாப்டெரா கிரேக்கம். கோலியோஸ் என்றால் வாளுறை போன்ற உறை, ப்டெரான் என்றால் சிறகு. அரிஸ்டாட்டில் காலத்திலேயே இருந்த சொல், 1758இல் லின்னேயஸ் வரிசைப் பெயராக வைத்துக்கொண்டார். எலிட்ரானுக்கும் உறை, போர்வை என்ற பொருள்தான். மூலத்துக்கு உண்மையாக இருக்கவேண்டும் என்றால் உறைச்சிறகுதான் சரி, ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு உள்ள தடை இரண்டு. பூச்சியியலில் உறை என்ற சொல் வேறு இடத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறது. கரப்பான் போடும் முட்டை உறை, புழு பின்னும் உறை என்று அதே கையேட்டில் பத்து இடத்தில் வரும். இரண்டாவது ஒற்று. ‘உறைச்சிறகு’ என்று ச் மிகுந்தால் உறையாகிய சிறகு. ஒற்றை விட்டு ‘உறைசிறகு’ என்று எழுதிவிட்டால் அது வினைத்தொகை ஆகி உறைந்த சிறகு, உறைகின்ற சிறகு என்று போய்விடும். இன்று எழுதுகிறவர்களில் எத்தனை பேர் ஒற்றைக் காப்பாற்றுகிறார்கள்? ‘மூடிச்சிறகு’ என்று திருத்தம் சொன்ன நண்பருக்கும் இதே பதில்தான். மூடுசிறகில் அந்தத் தொல்லை இல்லை. அது வினைத்தொகை, ஒற்று மிகாது. மூடிய சிறகு, மூடுகின்ற சிறகு, மூடும் சிறகு என்று மூன்று காலமும் அதற்குள் இருக்கிறது.

இலக்கணம் மட்டும் காரணமில்லை. மூடுசிறகு என்றதும் கேட்பவருக்கு அடுத்த கேள்வி தானாக வரும்: எதை மூடுகிறது? அந்தக் கேள்வியோடு வண்டைப் பார்த்தால் பல குடும்பங்கள் அங்கேயே பிரிந்துவிடுகின்றன. எனக்கு இது கையேடு எழுதும்போதுதான் உறைத்தது.

ஸ்டாஃபிலினிடே குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 60,000க்கு மேல் இனங்கள், உலகின் மிகப்பெரிய வண்டுக் குடும்பங்களில் ஒன்று. ஆனால் எங்கள் நடைகளில் யாரும் அதை வண்டு என்று நம்புவதில்லை. நெல்வயலில் ஓடும் ஆரஞ்சும் கருப்புமான மெல்லிய பூச்சியைப் பார்த்திருப்பீர்கள், எறும்பு மாதிரி. அதன் பெயர் பீடெரஸ். தத்துப்பூச்சிகளைத் தின்று உழவருக்கு நன்மை செய்கிறது. நம் தோலில் நசுங்கினால் மட்டும் எரிச்சலும் புண்ணும் வரும். அதன் வயிற்றின் பெரும்பகுதி திறந்தே கிடக்கிறது. மூடுசிறகு குட்டையாக நெஞ்சோடு நின்றுவிடுகிறது. “அப்போது இது எதை மூடுகிறது?” என்று ஒரு பையன் கேட்டான். பின்சிறகை. அவ்வளவு நீளமான பின்சிறகு பல மடிப்பாக மடிந்து அந்தக் குட்டைச் சிறகுக்குள் போய்விடுகிறது. வயிற்றை வளைத்து உள்ளே தள்ளி மடிக்கிறது, பார்க்கப் பார்க்கத் தெவிட்டாத காட்சி.

குளத்து நீர்வண்டு மூடுவது காற்றை. டைட்டிசிடே குடும்பத்தில் வண்டு வால்முனையை நீர்ப்பரப்புக்கு உயர்த்தி, மூடுசிறகின் கீழே காற்றை வாங்கிக்கொண்டு மூழ்கும். அதே குளத்தில் அதே நிறத்தில் இருக்கும் ஹைட்ரோஃபிலிடே தலைப்பக்கமாக வந்து உணர்கொம்பால் காற்றை எடுக்கும், அடிவயிற்றில் வெள்ளிபோலக் காற்றுப்படலம் மின்னும். நீந்தும்போது முன்னது பின்னங்கால் இரண்டையும் ஒன்றாக வீசும், பின்னது மாற்றி மாற்றி வீசும். கண்ணாடிப் புட்டியில் விட்டு ஐந்து நிமிடம் பார்த்தால் போதும், உருப்பெருக்கி தேவையில்லை.

வறண்ட நிலத்தில் திரியும் டெனிப்ரியோனிடே குடும்பத்தில் சிலவற்றுக்கு மூடுசிறகு இரண்டும் பொருத்தில் ஒட்டியே போய்விட்டன. உள்ளே பறக்கும் சிறகே இல்லை. அங்கே மூடப்படுவது வயிறும் அதன் ஈரமும்.

பொன்வண்டு மூடுவதோ முழு முதுகையும். தீப்பெட்டியில் இலை போட்டு வளர்த்தவர்கள் இந்தக் குழுவில் பாதிப் பேராவது இருப்பீர்கள். அந்தக் கல்போன்ற பச்சை மூடுசிறகின் நிறம். 1888இல் லண்டன் மேடையில் நடிகை எலன் டெர்ரி லேடி மேக்பெத்தாக நடித்தபோது அணிந்த உடையில் இப்படிப்பட்ட பச்சைச் சிறகுகளைத்தான் தைத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் அதை வெறுமனே வண்டுச் சிறகு என்றே எழுதுகிறார்கள். பறக்கும் சிறகை ஊசியில் கோக்க முடியாது, கிழிந்துவிடும். தனிச்சொல் இருந்தால் இந்தக் குழப்பம் வராது. பறக்கும் சிறகுக்கு நான் ‘உட்சிறகு’ என்று வைத்திருக்கிறேன். குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில் வரும் ‘அஞ்சிறைத் தும்பி’யில் அஞ்சிறை என்பதை (சிறை என்றால் சிறகு) அழகிய சிறை என்றும் உள்ளே அமைந்த சிறை என்றும் இரண்டு விதமாகப் பிரிப்பார்கள். பாட்டில் வருவது தேன் தேடும் தும்பி, அதை நம் வண்டு வரிசையோடு முடிச்சுப் போடவில்லை. ‘அகச்சிறை’ என்ற எண்ணம் மொழியில் கிடக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

சரி, எதிர்வாதத்துக்கு வருகிறேன். “வெட்டுக்கிளிக்கும் கரப்பானுக்கும்கூட முன்சிறகு பின்சிறகை மூடத்தானே செய்கிறது?” என்று கேட்டிருந்த நண்பர் கூர்மையாகப் பிடித்திருக்கிறார். உண்மை. நான் சொல்லக்கூடியது இதுதான்: அவற்றின் சிறகில் நரம்புகள் தெளிவாகத் தெரியும், தோல்போல வளையும், ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். அவற்றுக்குத் தோற்சிறகு என்று தனியே வைத்துக்கொள்ளலாம். வண்டில் நரம்பு தெரியாது, பெரும்பாலும் இரண்டும் பொருத்தில் நேராகச் சந்திக்கும். பெயர் முழு வரையறையையும் சுமக்க வேண்டியதில்லை. வரையறை அதற்கு அடுத்த வரியில் இருக்கப்போகிறது.

அந்தப் பொருத்தை நான் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், பொன்வண்டு என்று எனக்கு வரும் படங்களில் பல, பச்சையாக மின்னும் நாவாய்ப்பூச்சி வகை, வண்டே இல்லை. அதன் முதுகை மூடுவது சிறகே இல்லை, நெஞ்சிலிருந்து பின்னோக்கி வளர்ந்த ஒற்றைக் கேடயம். நடுவில் கோடு இருக்காது. புரட்டினால் சாறு உறிஞ்சும் அலகு தெரியும். மற்ற நாவாய்ப்பூச்சிகளின் முன்சிறகு அடிப்பாதி தடித்தும் நுனி சவ்வாகவும் இருக்கும், அதற்கு ‘அரைமூடுசிறகு’ என்று எழுதிப் பார்த்தேன். பாதி மூடிய சிறகு என்று பொருள்படுவதால் எனக்கே நிறைவில்லை. யாராவது நல்லதாகச் சொல்லுங்கள்.

வரிசைக்கு மூடுசிறகிகள் என்று வைக்கலாம். வெறும் வண்டு என்றால் பேச்சில் மரத்தைத் துளைக்கும் கருந்தேனீயும் வண்டு, இலக்கியத்தில் தேன் குடிப்பதெல்லாம் வண்டு. கையேட்டின் தலைப்பில் வண்டு இருக்கட்டும், வகைப்பாட்டில் மூடுசிறகிகள் இருக்கட்டும்.

அப்புறம், உணர்கொம்புச் சொற்கள் கிட்டத்தட்ட முடிந்துவிட்டன. தரைவண்டுக்கு நூற்கொம்பு, கூன்வண்டுக்கு முழங்கைக் கொம்பு, காண்டாமிருக வண்டுக் குடும்பத்துக்கு ஏட்டுக்கொம்பு. நுனியில் உள்ள தகடுகள் ஓலைச்சுவடி ஏடுகள் போலவே விரிந்து மூடுவதால் கடைசிச் சொல்லுக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

பாதக் கணுக்களில் ஒரு சொல் சேர்த்திருக்கிறேன்: மறைகணு. நீள்கொம்பு வண்டு, இலைவண்டு, கூன்வண்டு மூன்றின் பாதத்திலும் நாலு கணுதான் கண்ணுக்குத் தெரியும். உண்மையில் ஐந்து. நாலாவது மிகச் சிறியது, மடல்போல் பிளந்த மூன்றாவதற்குள் ஒளிந்திருக்கும். பொறிவண்டில் மூன்றுபோலத் தெரிவது நாலு. ‘போலி நாற்கணு’ என்று முன்பு எழுதியிருந்தேன், அதில் வண்டு ஏமாற்றுவதுபோல ஒரு தொனி வந்தது. மறைகணு என்றால் தேடத் தோன்றும்.

தீராமல் நிற்பது ஒன்று: தலைக்கும் மூடுசிறகுக்கும் இடையே முதுகில் தெரியும் முன்மார்பின் மேல்தகடு. மின்மினியில் தலையையே மறைப்பது அதுதான், அதனால் கையேட்டில் அடிக்கடி வரும். ‘முன்மார்பு மேல்தகடு’ நீளம். கழுத்துத் தகடு என்றால் கொப்புள வண்டின் உண்மையான கழுத்தோடு மோதுகிறது. ‘பிடரித் தகடு’ என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். பொருந்துமா? பொருந்தாது என்றால் எந்த வண்டில் பொருந்தவில்லை என்று காட்டி எழுதுங்கள், அதையும் பார்த்துவிட்டுத்தான் மையால் எழுதுவேன்.