121 மொழிகளா, 19,569 தாய்மொழிகளா?

கேள்வி:
2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 121 மொழிகள் என்கிறார்கள். அதே கணக்கெடுப்பைச் சுட்டும் கட்டுரைகள் சிலவற்றில் 19,569 தாய்மொழிகள் என்று உள்ளது. எதைக் கொள்வது? மேலும், இவை யாவும் திராவிடம், இந்தோ-ஆரியம் என்ற இரண்டு குடும்பங்களுக்குள் அடங்கிவிடுமா?

மறுமொழி 1:
இரண்டும் சரியே, எண்ணப்பட்ட பொருள்தான் வேறு. 19,569 என்பது தம் தாய்மொழி என்று மக்கள் சொன்ன பெயர்களை அப்படியே திரட்டிய பட்டியல். அதைச் சரிபார்த்துத் தொகுத்தபோது 1,369 ஆயிற்று. அவற்றுள் பத்தாயிரம் பேருக்குக் குறையாமல் பேசும் 270 தாய்மொழிகளை மொழிவாரியாகச் சேர்த்ததில் கிடைத்ததே 121. இந்தச் சேர்ப்பில் மொழியியலைவிட நிர்வாகத்தின் கை ஓங்கியிருக்கிறது என்பது என் கருத்து. ஏறத்தாழ ஐந்து கோடிப் பேர் பேசும் போஜ்புரி இன்றும் இந்தியின் கீழேயே எண்ணப்படுகிறது. அதன் அண்டை மொழியான மைதிலியோ, 2003ஆம் ஆண்டின் 92ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால், அரசியலமைப்பின் மொழிப்பட்டியலான எட்டாவது அட்டவணையில் இடம்பெற்றதால் தனிமொழியாகிவிட்டது.

மறுமொழி 2:
இரண்டாம் கேள்விக்கு: அடங்காது. சந்தாலி, முண்டாரி, மேகாலயாவின் காசி ஆகியவை ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கம்போடியாவின் கெமெர் மொழிக்கு உறவுடையவை. போடோவும் மணிப்புரியும் திபெத்திய-பர்மியம். அந்தமான் பழங்குடி மொழிகள் தனி. மத்தியப் பிரதேச, மகாராஷ்டிர எல்லைப் பகுதியில் பேசப்படும் நிகாலியை எந்தக் குடும்பத்திலும் சேர்க்க இயலவில்லை.

மறுமொழி 3:
மேலே நண்பர் சொன்னதோடு ஒன்று: குடும்பத்தை நிலப்பரப்பைக் கொண்டு தீர்மானிக்க வேண்டாம். ஜார்க்கண்டின் குடுக் மொழியும் பாகிஸ்தானின் பலூசிஸ்தானில் வழங்கும் பிராகூயியும் திராவிட மொழிகளே. பிராகூயியில் இரண்டு ‘இரட்’, மூன்று ‘முசிட்’. நான்கு முதல் எண்ணுப்பெயர்கள் ஈரானிய மொழிகளிலிருந்து வந்தவை. இத்தனை கடன்சொற்களுக்குப் பிறகும் அதைத் திராவிடம் என்று வகைப்படுத்தக் காரணம், அதன் இலக்கண அமைப்பும் அடிப்படைச் சொற்களும் அந்தக் குடும்பத்துக்கு உரியவையாக நிலைத்திருப்பதே. எழுத்தும் சான்றாகாது, சந்தாலி ஒன்றே ஓல் சிக்கி, தேவநாகரி, வங்க எழுத்து எனப் பலவற்றில் எழுதப்படுகிறது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால், பேசுவோர் மிகுந்த குடும்பத்தில்தான் மொழிகளும் மிகுதியோ?

மறுமொழி 2:
நேர்மாறு. அந்த 121 மொழிகளில் 66 திபெத்திய-பர்மியம். அவற்றைப் பேசுவோரோ நாட்டு மக்களில் 1.01 விழுக்காட்டினர். முக்கால் பங்குக்கும் மேற்பட்டோர் பேசும் இந்தோ-ஆரியத்தில் 21 மொழிகளே உள்ளன. ஆனால் அந்த 21க்குள் போஜ்புரி தனியாக இல்லை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.