கார்பன் தகடு உலையில் பூரி மாதிரி உப்புகிறது, என்ன செய்ய?

திருநகர்_பையன்:
அண்ணன்மாரே, இறுதியாண்டு புராஜெக்ட், கார்பன்-கார்பன் தகடு, அதாவது கார்பன் இழையைக் கரியாலேயே பிணைத்த தகடு. கார்பன் துணி 8 அடுக்கு, ஃபீனாலிக் ரெசின் (சூட்டில் இறுகும் பிசின்) தடவி ஹாட் பிரஸ்ஸில் அழுத்தி எடுத்தவரை அருமையாக இருந்தது. அப்புறம் ரெசினைக் கரியாக்க, கல்லூரி மஃபிள் உலையில் (மின்சாரப் பெட்டி உலை) காற்றை விலக்க ஆர்கான் வாயு விட்டு, மணிக்கு 300 டிகிரி வேகத்தில் 900 வரை ஏற்றினேன். திறந்தால் நடுவில் உப்பி அடுக்கெல்லாம் பிரிந்திருக்கிறது, ஓரம் நூல் நூலாக உதிர்கிறது. ரெசின் போலியா? கடைக்காரர் சத்தியம் செய்கிறார்.

உலைக்காரன்:
கடைக்காரரை விடு தம்பி. இது ரெண்டு தனித்தனிக் கோளாறு. ஃபீனாலிக் இறுகும்போதே தண்ணீர் விடும், அப்புறம் கரியாகும்போது அதன் எடையில் கிட்டத்தட்ட பாதி வாயுவாகப் போகும், பெரும்பகுதி 300-க்கும் 600-க்கும் நடுவில்தான். நீ அந்த இடத்தை ஒரே மணி நேரத்தில் தாண்டியிருக்கிறாய், வாயு வழி தெரியாமல் அடுக்கைப் பிளந்துவிட்டது. அங்கே மணிக்கு 10 டிகிரி போதும். முப்பது மணி நேரம் ஆகும், ராத்திரி காவலுக்கு ஆள் பேசிக்கொள். ஓரம் உதிர்வது காற்றால். மஃபிள் உலைக் கதவு ஆர்கானைப் பிடித்து வைக்காது.

திருநகர்_பையன்:
கார்பன்-கார்பன் 2000 டிகிரி தாங்கும் என்றுதானே அண்ணே படித்தோம்?

உலைக்காரன்:
காற்றில்லாத இடத்தில் தாங்கும். காற்றுப் பட்டால் 500 டிகிரி வாக்கிலேயே எரியத் தொடங்கிவிடும். பிஎஸ்எல்வி நான்காம் நிலைக்கு இஸ்ரோ செய்த கார்பன்-கார்பன் நாசிலுக்கே (ராக்கெட்டில் வாயு பீறிடும் வாய்) சிலிக்கான் கார்பைடு பூச்சு கொடுத்துத்தான் 2024-இல் மகேந்திரகிரியில் 200 விநாடி எரித்துப் பார்த்தார்கள்.

முதுகுளத்தூர்_மாமா:
எங்கள் பக்கம் கரிமூட்டம் பார்த்திருக்கிறாயா மாப்ள? கருவேல விறகை அடுக்கி மண் பூசி மூடுவார்கள், கவனிக்காமல் ஓர் ஓட்டை விழுந்தால் விடிந்ததும் சாம்பல்தான். உன் வேலையும் அதேதான். கப்பலூர் பட்டறையில் மூடி போட்ட ஸ்டெயின்லெஸ் பெட்டி ஒன்று செய்து, தகட்டைச் சுற்றிக் கோக் (நிலக்கரியைச் சுட்டெடுத்த கரி) தூள் நிரப்பி, ஆர்கான் குழாயை அதற்குள் விடு. உள்ளே வரும் ஆக்ஸிஜன் முதலில் தூளைத் தின்னட்டும். ஆனால் புகையை அறைக்கு வெளியே போக விடு, அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும், விளையாட்டில்லை.

திருநகர்_பையன்:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். உப்பவில்லை, ஓரமும் அப்படியே இருக்கிறது! ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் செங்கல் மாதிரி உறிஞ்சுகிறது.

உலைக்காரன்:
வாயு போன இடமெல்லாம் ஓட்டைதானே. வாக்யூமில் மறுபடி ரெசின் ஏற்றி மறுபடி கரியாக்கு. மூன்று நான்கு தடவை.

திருநகர்_பையன்:
நான்கு தடவையா? வைவா 18-ஆம் தேதி அண்ணே.