மொறிஸ் மைனர்: எண்ணெய் அழுத்தமானி பூச்சியம், சிவப்பு விளக்கோ எரியவில்லை

உப்புவெளிவாசி:
வணக்கம். என்னிடம் 948 சீசீ எஞ்சின் கொண்ட மொறிஸ் மைனர் 1000 இருக்கிறது. எண்ணெய் அழுத்த எச்சரிக்கை விளக்கின் சுவிச்சு இருந்த இடத்தில் முன்னைய உரிமையாளர் ஒரு ‘ரீ’ (T வடிவ) இணைப்பைப் பூட்டி, ஒரு கிளையில் அந்தச் சுவிச்சையும் மறு கிளையில் மின்சாரத்தில் இயங்கும் எண்ணெய் அழுத்தமானிக்கான சென்டரையும் (அழுத்தத்தை உணர்ந்து மானிக்கு அனுப்பும் கருவி) பொருத்தியிருக்கிறார். கந்தளாய்க்குப் போய்த் திரும்பி, திருகோணமலை நகருக்குள் நிறுத்தி நின்றபோது முள் பூச்சியத்தில் படுத்துவிட்டது. விளக்கு எரியவில்லை, எஞ்சினில் தட்டும் சத்தமும் இல்லை. கராஜில் பெயரிங் தேய்ந்துவிட்டது என்று சொல்லி எஞ்சினை இறக்கச் சொல்கிறார்கள். இறக்கத்தான் வேண்டுமா?

பழைய வண்டிக்காரன்:
அவசரப்பட வேண்டாம், தம்பி. இந்த எஞ்சின் சூடான நிலையில் ஓடும்போது சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 60 இறாத்தலும், ஐட்லிங்கில் (வண்டி நிற்க எஞ்சின் மெதுவாக ஓடும்போது) 15 இறாத்தலும் காட்டுவது வழக்கம். உண்மையிலேயே பூச்சியமாக இருந்தால் விளக்கு எரிந்தே ஆக வேண்டும். ஆனால் ஸ்டார்ட் பண்ணுமுன் சாவியைத் திருப்பும்போது அந்த விளக்கு எரிகிறதா என்று முதலில் பாருங்கள், இல்லாவிட்டால் அதன் சாட்சியம் செல்லாது. தடித்த எண்ணெய் ஊற்றிப் பார்ப்பதும் வேண்டாம், அது நோயை மறைக்குமே தவிர காட்டாது.

உப்புவெளிவாசி:
விளக்கு பிரகாசமாக எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைகிறது, ஐயா.

வயர்மன்:
அப்படியென்றால் ‘ரீ’ இணைப்பு வரை எர்த் (எஞ்சின் உடல் வழியாக மின்சாரம் திரும்பும் பாதை) சரியாக இருக்கிறது, ஏனெனில் விளக்கின் சுவிச்சும் அதன் வழியாகத்தான் எர்த் எடுக்கிறது. சந்தேகம் சென்டரின் புரியில்தான் (திருகிப் பூட்டும் வரிகள்), அதுவும் அந்தப் புரி வழியாகவே எர்த் எடுக்கிறது. தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை நாடாவை அங்கே சுற்றியிருந்தாலோ, நமது கடற்காற்றில் புரி துருப்பிடித்திருந்தாலோ மின்தடை கூடிவிடும். பூச்சிய அழுத்தத்தில் 240 ஓமும் முழு அழுத்தத்தில் 33 ஓமும் காட்டும் வகைச் சென்டரில், அந்த மேலதிகத் தடை முள்ளைக் கீழே இழுக்கும். 10 முதல் 180 ஓம் வரையான வகையில் இது நேர்மாறாக முள்ளை மேலே ஏற்றும். சென்டரின் வயரைக் கழற்றி ஒரு கணம் மட்டும் எஞ்சின் உடலில் தொடுங்கள். முள் உச்சிக்குப் போனால் மானியும் வயரும் நல்லவை, உங்களுடையது முதல் வகை. பிறகு வயரைப் பூட்டி, எஞ்சினை ஓடவிட்டு, சென்டரின் உடலிலிருந்து எஞ்சினுக்கு ஒரு தனி வயரைப் பிடித்துப் பாருங்கள்.

பழைய வண்டிக்காரன்:
அது சரி. ஆயினும் எண்ணெய்க் குழாயில் நேரடியாக இயங்கும் மானியொன்றை இரவலாக வாங்கிப் பூட்டி அளந்த பிறகே மானி பொய் சொல்கிறது என்று தீர்மானியுங்கள். விளக்கு மிகக் குறைந்த அழுத்தத்தில்தான் எரியும், ஆகவே அது அணைந்திருப்பதை மட்டும் நம்பி வண்டியை ஓட்ட முடியாது. குழாயைச் சூடான எக்ஸோஸ்டில் முட்டவிடாதீர்கள்.

உப்புவெளிவாசி:
தனி வயரைப் பிடித்தவுடன் முள் எழுந்தது. நேரடி மானி, சூடான நிலையில் ஓடும்போது 55, ஐட்லிங்கில் 15 காட்டியது. சென்டரின் புரியில் அந்த வெள்ளை நாடா மூன்று சுற்று இருந்தது, அதை நீக்கித் துடைத்துப் பூட்டியதில் இரு மானிகளும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. இப்போது புரியோரம் சற்று எண்ணெய் கசிகிறது. நாடா இல்லாமல் எதைப் பூசலாம்?

வயர்மன்:
புரிக்கான திரவ சீலன்ரை (கசிவை அடைக்கும் பூச்சு) மெல்லியதாக, நுனியிலுள்ள இரு புரிகளை விட்டுப் பூசுங்கள். பூட்டிய பின் சென்டரின் உடலுக்கும் எஞ்சினுக்கும் இடையில் ஓமை மீண்டும் அளக்க மறக்காதீர்கள்.