வாடகை வீட்டில் புத்தக அலமாரி: யோசனை சொல்லுங்கள்

நண்பர்களே, ஒரு உதவி. ஜனவரி வந்தால் நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் சென்னை புத்தகக் காட்சி. போகாமல் இருக்க முடியவில்லை. காட்சியை நடத்தும் பதிப்பாளர், விற்பனையாளர் சங்கமான பபாசி தரும் 10 சதவீதத் தள்ளுபடியெல்லாம் ஒரு சாக்குதான். முழு விலை என்றாலும் வாங்கத்தான் போகிறேன். புதுத் தாளின் வாசனையோடு கனத்த பைகளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வரும் சுகம் தனி. வீட்டு வாசலில்தான் "எங்கே வைக்கப் போறீங்க?" என்ற கேள்வி காத்திருக்கும்.

நியாயமான கேள்விதான். ஒற்றைப் படுக்கையறை வாடகை வீடு. பரண், கட்டிலுக்கு அடி, டிவி மேஜை எல்லாம் நிரம்பிவிட்டன. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டு ஓனர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மரத்தூள் பலகையில் செய்த ரெடிமேட் அலமாரி பாரம் தாங்காமல் நடுவில் தொய்ந்துவிட்டது.

இரும்பு ஆங்கிள் ராக் வாங்கலாமா? கூரை வரை உயரமாக வைத்தால், சுவரோடு பிணைக்காமல் சாயாமல் நிற்குமா? வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது, அதுதான் பயம். பிளைவுட்டில் ஆசாரியை வைத்துச் செய்தவர்கள் தோராயமாக என்ன செலவானது என்று சொன்னால் நல்லது.

அப்புறம், பரணில் இருக்கும் புத்தகங்களில், தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சி வந்துவிட்டது. வசம்பும் வேப்பிலையும் போட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? குழந்தை இருப்பதால் பாச்சை உருண்டை வேண்டாம்.

"வாங்குவதை நிறுத்து" என்பதைத் தவிர எந்த யோசனையும் சரி.